பல் மாற்றப் போய் புஷ் மாற்றிய கதை

ஆனி பிறந்து சாரல் பிடித்துவிட்டால் குலசேகரம், திருவட்டாறு பக்கமெல்லாம் மண்வேலை படுத்துவிடும். ரப்பர் தோட்டத்துச் சரிவில் வண்டியை இறக்கினால் மேலே ஏற்ற இன்னொரு வண்டி வேண்டும். வருஷத்தில் இரண்டு மழைக்காலம் என்பது குமரி மாவட்டத்து விவசாயிக்கு வரம். ஜேசிபியை மணிக்கணக்குக்கு வாடகை ஓட்டுகிற எங்களுக்கு அது இரண்டு கட்டாய விடுமுறை. கழற்றிப் பார்க்க வேண்டியதையெல்லாம் அந்த விடுமுறைக்குத்தான் தள்ளிப் போடுவோம்.

இந்த ஆனிக்கு நான் போட்ட திட்டம் சின்னதுதான். பின் பக்கெட்டின் பல் மொட்டையாகிவிட்டது, அதை மாற்ற வேண்டும். ஆயில், ஃபில்டர் மாற்ற வேண்டும். கழுவித் தார்ப்பாய் போட்டு நிறுத்த வேண்டும். ஒரு நாள் வேலை என்று கூட வேலை பார்க்கிற பையனிடம் சொன்னேன். ஏழாம் நாள் சாயங்காலம்தான் தார்ப்பாய் போட்டோம்.

வண்டி எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் மஞ்சளாக இருந்து, முன்னால் ஒரு பக்கெட்டும் பின்னால் ஒரு பக்கெட்டும் இருந்தால் அது ஜேசிபிதான், எவன் செய்திருந்தாலும் சரி. ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் 1945-ல் இங்கிலாந்தில் ஒரு சின்ன கராஜில் தொடங்கிய கம்பெனி அது. 1979-ல் ஹரியானாவின் பல்லப்கரில் ஆலை போட்டார்கள். அப்புறம் கம்பெனியின் பெயரே நம்மூரில் பொருளின் பெயராகிவிட்டது. இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பின் பக்கத்தில் பூம் என்கிற பெரிய கைக்கு அடுத்து வருகிற, பக்கெட் தொங்குகிற துண்டை ஆங்கிலக் கையேட்டில் டிப்பர் என்று போட்டிருப்பார்கள். தமிழில் எழுதினால் மண் அடிக்கிற டிப்பர் லாரியும் அதே டிப்பர்தான். ஒருமுறை ஃபோனில் 'டிப்பர் பின்' என்று கேட்டு, கடைக்காரர் லாரிக் கடைக்குப் போகச் சொல்லிவிட்டார். ஆகவே இங்கே ஆர்ம் என்றே எழுதுகிறேன்.

கோளாறு முதலில் தெரிந்தது திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டுக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டும்போது. அடிமட்டம் சமமாக வரவில்லை. கொத்தனார் இறங்கிப் பார்த்துவிட்டு, "என்ன இது, கடல் அலை மாதிரி வெட்டி வச்சிருக்கியே" என்றார். பல் மொட்டை, அதனால்தான் குதிக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பக்கெட்டை மடக்கும்போதும் விரிக்கும்போதும் ஒரு 'டங்' சத்தம் வந்துகொண்டிருந்தது. அதுவும் காதுக்குப் பழகிப் போயிருந்தது. தினமும் கேட்கிற சத்தம் கேட்காமல் போய்விடும் என்பதுதான் சொந்தமாக ஓட்டுகிறவனின் பெரிய வியாதி.

வண்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்திப் பல்லைக் கழற்ற ஸ்பானரோடு குனிந்திருந்தபோது, நாங்கள் தொழில் படித்த மெக்கானிக் அண்ணாச்சி அந்த வழியாக வந்தார். ஒரு பாரையை எடுத்துப் பக்கெட் காதுக்கும் ஆர்முக்கும் நடுவில் விட்டு இரண்டு தடவை நெம்பினார். பக்கெட் இடமும் வலமும் ஒரு விரல் அகலம் ஆடியது.

"மக்ளே, ஆட்டம் பல்லுல இல்ல கேட்டியா. ஈறுல இருக்கு" என்றார்.

பக்கெட்டின் காதுகளையும் ஆர்மையும் கோத்துப் பிடிக்கிற உருண்டை இரும்புக் கம்பிதான் பின். ஆர்மின் துளைக்குள் அந்தப் பின்னைச் சுற்றி இருக்கிற இரும்பு வளையம்தான் புஷ். ஆட்டம் பார்க்கிற முறை அவ்வளவுதான். பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் பாரையால் நெம்ப, இன்னொருவர் தள்ளி நின்று பின்னின் முனையைப் பார்க்க வேண்டும். சேற்றோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது, முதலில் துணியால் துடைக்க வேண்டும். பின்னும் காதும் சேர்ந்து நகர்ந்து ஆர்ம் மட்டும் நின்றால் புஷ் போயிருக்கிறது. பின் தனியாகக் காதுக்குள் ஆடினால் பக்கெட்டின் துளையே போயிருக்கிறது, அது பெரிய செலவு. எனக்கு முதல் வகை. ஓட்டை அகன்றுவிட்டதா என்று துளைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பக்கெட் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் போதும், அந்த விரல் உங்களுடையது இல்லை.

சரி, கழற்றுவது என்று முடிவாகிவிட்டது. ஆனாலும் பல்லை முதலில் முடித்தோம், பக்கெட் வண்டியோடு இருக்கும்போதுதான் அது அசையாமல் நிற்கும். என் பக்கெட்டில் நட்டு போல்ட்டில் மாட்டுகிற பல். நடுப்பல் மூன்று, ஓரப்பல் இரண்டு. ஓரப்பல்தான் எப்போதும் முதலில் தேயும், பள்ளத்தின் இரண்டு சுவரையும் உரசுவது அதுதான். எங்கள் பக்கத்து வெட்டுக்கல் இருக்கிறதே, பூமிக்குள் இருக்கும்போது மழுவால் செதுக்கலாம். வெயிலும் காற்றும் பட்டு நாளானால் கல்லாக இறுகிவிடும். பழைய வெட்டுக்கல் மேட்டை உடைக்கப் போனால் ஓரப்பல் வெண்ணெய் மாதிரி கரையும். பாதி நீளம் தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். இன்னும் நாலு நாள் ஓட்டலாம் என்று விட்டால் பல் முடிந்து பக்கெட்டின் உதடு தேய ஆரம்பிக்கும். உதட்டை வெட்டி வெல்டு செய்கிற செலவில் பல வருஷத்துக்குப் பல் வாங்கிவிடலாம்.

பழைய நட்டுகள் ஒன்றும் ஸ்பானருக்கு அசையவில்லை. தலை தேய்ந்து உருண்டையாகிவிட்டது. கேஸ் கட்டர் வைத்து நட்டை மட்டும் வெட்டி எடுத்தோம். புதுப் பல்லை வைக்கும் முன் உதட்டில் ஒட்டியிருக்கிற துருவையும் மண்ணையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்க வேண்டும். நடுவில் மண் படிந்து கிடந்தால், இறுக்கும்போது இறுகியது போலத் தெரியும், வேலையில் அந்த மண் பொடியாகி உதிர்ந்ததும் போல்ட் லூஸாகும். போல்ட்டும் நட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது, அதுவும் தலையில் 10.9 அல்லது 12.9 என்று எழுத்து உள்ளது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற சாதா போல்ட் போட்டுப் பல்லையே தொலைத்த அனுபவம் எனக்கு உண்டு. ஒரு குளத்து வேலையில் விழுந்த அந்தப் பல் இன்னும் அந்தக் குளத்துச் சேற்றில்தான் கிடக்கிறது. மாட்டி இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டியபின் மறுபடி ஒரு இறுக்கு. இதைத்தான் பலர் மறப்பார்கள்.

இரண்டாம் நாள் பக்கெட்டைக் கழற்றினோம். முன் பக்கெட்டைத் தரையில் அழுத்தி, வண்டியின் ஊன்று கால் இரண்டையும் இறக்கி, பின் பக்கெட்டைப் பலாத்தடி மேல் பாரம் இல்லாமல் உட்கார வைத்தோம். எஞ்சினை நிறுத்தி, சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு எல்லா லீவரையும் நாலு பக்கமும் ஆட்டி ஹைட்ராலிக் ஆயில் லைனில் நிற்கிற அழுத்தத்தை விட வேண்டும். கார் டயரில் இருக்கிற அழுத்தம் 2 பார் சொச்சம், இந்த ஹோஸுக்குள் ஓடுவது 200 பாருக்கு மேல். பின்ஹோல் போட்ட ஹோஸிலிருந்து வருகிற ஆயில் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைத் தேட அட்டைத் துண்டைத்தான் காட்ட வேண்டும், கையை அல்ல. அப்படி ஆகிவிட்டால் வலி இல்லையே என்று வீட்டுக்குப் போகக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பின்னைப் பிடித்து வைத்திருப்பது பக்கெட் காதில் குறுக்கே போகிற ஒரு லாக் போல்ட். பக்கெட் திரும்பும்போது பின்னும் சேர்ந்து திரும்ப வேண்டும், காதுக்குள் தனியாகச் சுற்றக் கூடாது, அதற்குத்தான் அது. துரு பிடித்திருந்தது. முந்தின நாள் இரவே டீசலும் பழைய ஆயிலும் கலந்து ஊற்றி ஊற வைத்திருந்ததால் காலையில் முனகிக்கொண்டே வந்துவிட்டது. பின் மட்டும் வரவில்லை. சம்மட்டியால் நேரடியாகப் பின்னை அடிப்பது எல்லோரும் செய்கிற தவறு. பின்னும் கடினம், சம்மட்டியும் கடினம், இரண்டும் மோதினால் சில்லு தெறிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு ஆபரேட்டரின் தொடையில் அப்படித் தெறித்த துண்டை அறுத்துத்தான் எடுத்தார்கள். நடுவில் பித்தளைக் கட்டை வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு அடித்தோம். பையன் அடிக்க, நான் பக்கெட்டை ஜாக்கியால் ஒரு நூல் தூக்கி ஒரு நூல் இறக்கிக்கொண்டிருந்தேன். பாரம் சரியாக விடுபட்ட அந்த ஒரு நிலையில் பின் தானாக நழுவியது. பலம் பாதிதான், மீதி ஜாக்கியின் பொறுமை.

வெளியே வந்த பின்னைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. 45 மில்லி பின். ஒரு பக்கம் வெர்னியர் 45 காட்டியது, கொஞ்சம் திருப்பி வைத்தால் 43.6. படிக்கட்டு வெட்டினது போல ஒரு தடம். விரல் நகத்தால் தடவினால் நகம் தடுக்கி நின்றது. புஷ் உள்ளே முட்டை வடிவமாக அகன்று ஒரு திசையில் 46.8 இருந்தது. கூட்டிப் பார்த்தால் 3 மில்லிக்கு மேல் ஆட்டம். புதிதில் இது அரை மில்லி கூட இருக்காது. 3 மில்லிதானே என்று நினைக்கத் தோன்றும். அது பின்னில் 3 மில்லி. பின்னிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிற பல் முனையில் அது ஒரு விரல் ஆகிவிடுகிறது, கொத்தனாரின் வானத்தில் கடல் அலையும் ஆகிவிடுகிறது.

ஏன் இப்படி ஒரு பக்கமாக, இவ்வளவு சீக்கிரம்? புஷ்ஷுக்குள் இருந்த கறுப்புக் கிரீஸைக் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து உரசினேன். நறநறவென்றது. வெள்ளைத் துணியில் தடவி மண்ணெண்ணெயில் அலசினால், துணியில் சிவப்பாகவும் கறுப்பாகவும் பொடி மின்னியது. அது எந்த மண் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. மாசி, பங்குனி இரண்டு மாதம் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடலோர மனைகளைச் சமன் செய்யும் வேலை. அந்தக் கடற்கரை மணலில் கறுப்பாக இருப்பது இல்மனைட், சிவப்பாக இருப்பது கார்னெட். அங்கே ஒரு அரசு நிறுவனமே மணலிலிருந்து இந்தத் தாதுக்களைப் பிரித்தெடுக்கிறது. கார்னெட்டை உப்புத்தாளில் ஒட்டுவதும் உண்டு. அதைக் கிரீஸில் குழைத்துப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் வைத்து இரண்டு மாதம் அரைத்தால்? எஞ்சின் வால்வு தேய்க்கிற பேஸ்ட் டப்பாவில் இருப்பதும் இதே மாதிரிச் சரக்குதான். நான் காசு கொடுத்து வாங்காமலே தயாரித்திருக்கிறேன்.

மண் எங்கும் இருக்கும், அதை வெளியே தள்ளத்தான் கிரீஸ். பையன் தினமும் கிரீஸ் அடித்தான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு நிப்பிளில், அதாவது கிரீஸ் ஏற்றுகிற வாயில், மட்டும் கிரீஸ் கன் இறுகியது. பழைய கிரீஸ் உள்ளே காய்ந்து சாக்லேட் மாதிரி வழியை அடைத்திருந்தது. கன் முனையில் பக்கவாட்டில் பிதுங்கி வந்த கிரீஸைப் பார்த்து, நிரம்பிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். நானும் ஒருநாள்கூடக் குனிந்து பார்க்கவில்லை. நிரம்பியதற்கு அடையாளம் நிப்பிளில் இல்லை. புஷ்ஷின் இரண்டு ஓரத்திலும் பழைய கறுப்பு முதலில் வந்து, பின்னால் புதுக் கிரீஸ் நிறத்தோடு வர வேண்டும். இரண்டு ஓரத்திலும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் மறுபக்கம் பட்டினி.

இந்த இடத்தில் அண்ணாச்சி ஒரு நல்ல செய்தி சொன்னார். பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்துவிட்டு ஆர்மின் துளையை அளந்தபோது இரண்டு திசையிலும் அளவு ஒன்றாகவே இருந்தது. அதாவது புஷ் மட்டும் செத்து ஆர்மைக் காப்பாற்றியிருக்கிறது. புஷ் அதற்காகத்தான் பிறந்தது. அதை மாற்றாமல் இன்னும் ஒரு சீசன் ஓட்டியிருந்தால் புஷ் துளைக்குள் சுழன்று ஆர்மையே தின்றிருக்கும். அப்படி ஆனால் துளைக்குள் வெல்டு நிரப்பி, லைன் போரிங் மெஷினை வண்டியிலேயே கட்டி, மறுபடி நேர் துளை கடைய வேண்டும். என் சித்தப்பா மகன் வண்டிக்கு அப்படி ஆகி, வாரக்கணக்கில் வண்டி பட்டறையில் கிடந்தது.

மூன்றாம் நாள் சாமான் வாங்க நாகர்கோவில். ஒரிஜினல் பின் இருந்தது, ஆர்ம் முனைக்கு இரண்டு புஷ்ஷும் இருந்தது. பக்கெட்டையும் அதை மடக்குகிற சிலிண்டரான ராமையும் இணைக்கிற லிங்குக்கு உள்ள புஷ் மட்டும் இல்லை, ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வேறொரு கடையில் டூப்ளிகேட் காட்டினார்கள். என் பையில் ஒரு பழைய அரம் எப்போதும் இருக்கும். அதை ஓரத்தில் ஒரு இழு இழுத்தேன், இரும்புத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. நன்றாக ஹார்டனிங் செய்த புஷ்ஷில் அரம் கடிக்காது, கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கும். கடைக்காரர் முகம் சுளித்தார், நான் வாங்கவில்லை. அரத்தோடு கடைக்குப் போகிறவனை யாருக்கும் பிடிக்காது. கடைசியில் கோட்டாறு பக்கம் ஒரு லேத் பட்டறையில் அளவு கொடுத்து, நல்ல ஸ்டீலில் கடைந்து ஹார்டனிங்கும் செய்து வாங்கினேன். இந்த லேத் புஷ்தான் நாலாம் நாளைக் கெடுத்தது. தப்பு லேத்காரருடையது இல்லை, என்னுடையது.

புஷ்ஷைத் துளைக்குள் இறுக்கமாக நுழைக்க வேண்டும். சம்மட்டியால் அடித்தால் ஓரம் நசுங்கும், சாய்ந்தால் துளையைக் கீறும். சூடானால் இரும்பு விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கடியப்பட்டணத்தில் மீன் வியாபாரம் செய்கிற மச்சானிடம் ஒரு தெர்மோகோல் பெட்டி கேட்டேன். பொடித்த ஐஸும் கல் உப்பும் கலந்து கொண்டுவந்தார். வெறும் ஐஸ் பூஜ்ஜியத்தில் நிற்கும், உப்புக் கலந்தால் அதற்கும் பதினைந்து டிகிரிக்கு மேல் கீழே போகும். புஷ்ஷைப் பிளாஸ்டிக் கவரில் தண்ணீர் படாமல் கட்டி, இரவு முழுக்க அதில் புதைத்தோம். 55 மில்லி வெளிவிட்டம் உள்ள புஷ் அவ்வளவு குளிரில் சுமார் நூறில் மூன்று பங்கு மில்லி சுருங்கும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் இறுக்கத்துக்கும் நழுவலுக்கும் நடுவில் இருப்பதே அவ்வளவுதான். இன்னொரு பக்கம் ஆர்ம் முனையை, கை வைக்க முடியாத அளவுக்கு, பெயிண்ட் கருகாத அளவுக்கு மட்டும் சூடாக்கினோம். பக்கத்தில் ஹோஸ் போனால் ஈரச் சாக்கு சுற்றிவிட்டுத்தான் நெருப்பு.

ஆர்ம் முனையின் இரண்டு புஷ்ஷும் மீன் வாடையோடு வெண்ணெய்க்குள் கத்தி போவது போலப் போய் உட்கார்ந்தன. பையன் கைதட்டினான். அந்தச் சந்தோஷத்தில் லிங்க் புஷ்ஷையும் எடுத்து நுழைத்தேன். எடுத்ததிலிருந்து சில நொடிதான் நேரம், அதற்குள் இரண்டும் சூடு சமமாகிப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது. நிப்பிளைத் திருகி கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினேன். கல்.

என்ன நடந்தது என்றால், ஆர்ம் முனையில் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு புஷ் வருகின்றன, நடுவில் இடைவெளி இருக்கும், நிப்பிள் அந்த இடைவெளிக்குள் கிரீஸைத் தள்ளும். ஆகவே புஷ்ஷை எப்படித் திருப்பிப் போட்டாலும் கவலை இல்லை. லிங்கில் ஒரே நீள புஷ். அதன் துளை நிப்பிள் துளைக்கு நேராக நிற்க வேண்டும். கம்பெனி புஷ்ஷில் வெளிப்பக்கம் சுற்றிலும் ஒரு வாய்க்கால் வெட்டியிருப்பார்கள், துளை கொஞ்சம் விலகினாலும் கிரீஸ் அந்த வாய்க்காலில் சுற்றி வந்து சேரும். நான் லேத்தில் கொடுத்த அளவில் நீளம், உள்விட்டம், வெளிவிட்டம், துளை எல்லாம் எழுதினேன், அந்த வாய்க்காலை எழுதவில்லை. நுழைக்கும்போது ஒரு கோடு போட்டுப் பார்க்கவும் இல்லை. கால் வட்டம் விலகி உட்கார்ந்துவிட்டது.

அண்ணாச்சிக்கு ஃபோன் செய்தேன். சிரித்தார். "சம்மட்டிய எடுக்காத மக்ளே. வெல்டிங் மெஷின் வச்சிருக்கவன கூப்பிடு" என்றார். புஷ்ஷின் உள் சுவரில் நீளவாக்கில் ஒரு வெல்டிங் கோடு போட்டால், வெல்டு ஆறும்போது சுருங்கி புஷ்ஷையும் உள்ளே இழுக்கும். கேள்விப்பட்டிருந்தேன், பார்த்ததில்லை. இரண்டு கோடு போட்டுவிட்டு ஒரு சாயா குடித்து வந்தோம். பித்தளைக் கட்டையால் லேசாகத் தட்டியதும் புஷ் 'டொக்' என்று கீழே விழுந்தது. துளையில் ஒரு கீறல் இல்லை. புஷ் போய்விட்டது, அந்தக் காசும் போய்விட்டது. மறுபடி கோட்டாறு, மறுபடி ஐஸ் பெட்டி. இந்த முறை வெளியே வாய்க்கால், துளைக்கு நேராக ஓரத்தில் பெயிண்ட் புள்ளி, லிங்கிலும் ஒரு பெயிண்ட் புள்ளி. புள்ளிக்குப் புள்ளி.

மாட்டுவது கழற்றுவதைவிட எளிது, துளைகளை நேர்ப்படுத்தினால். அதற்குக் கூம்பு முனை உள்ள கம்பிதான், விரல் இல்லை. பக்கெட் காதுக்கும் ஆர்முக்கும் நடுவில் மிச்சம் இருந்த சந்துக்கு ஷிம் வாஷர் என்கிற மெல்லிய வளையம் போட்டோம், இரண்டு பக்கமும் சமமாக. ஒரு பக்கமே எல்லா ஷிம்மையும் அடைத்தால் பக்கெட் ஓரம் சாய்ந்து நிற்கும். பின்னில் கிரீஸ் தடவி, லாக் போல்ட் புதிது போட்டு, கிரீஸ் அடித்தோம். இந்த முறை நான் குனிந்து பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் மோதிரம் மாதிரி வந்தது.

கையோடு கை மற்ற இடங்களும் பார்த்தோம். ஊன்று காலுக்குள் இருக்கிற நைலான் பேடில் ஒன்று காகிதம் போலாகியிருந்தது, மாற்றினேன். அதை விட்டால் இரும்பும் இரும்பும் உரசும். முன் பக்கெட்டின் அடித்தகடு இரண்டு பக்கமும் வெட்டுகிற வகை, கழற்றித் திருப்பிப் போட்டேன், செலவு இல்லை. பூம் சிலிண்டர் கழுத்தில் ஈரம் காட்டியது. ராடைத் துடைத்தால் குரோமில் ஊசி குத்தினது போலச் சில துருப்புள்ளிகள். இதுவும் கடலோர வேலையின் கொடை. உப்புக் காற்றில் ராடை நீட்டி வைத்து இரவு முழுக்க நிறுத்தினால் இப்படித்தான். அந்தப் புள்ளி சீலை அரம் மாதிரி அறுக்கும். புது சீல் கிட் போட்டேன், ஆனால் ராட் அப்படியே இருக்கும்வரை இது தற்காலிகம்தான் என்று தெரியும். இப்போது கடலோரம் வேலை என்றால் சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவி, ராடுகள் முடிந்தவரை உள்ளே போகும்படி மடக்கி, வெளியே தெரிவதில் கிரீஸ் தடவிவிட்டுத்தான் சாவியை எடுக்கிறேன். கழுவிய பிறகு பின்களுக்கும் மறுபடி கிரீஸ், தண்ணீர் நுழைந்த இடத்தைக் கிரீஸ்தான் திரும்பப் பிடிக்கும்.

பூம் மொத்தமும் திரும்புகிற கிங் போஸ்ட்டை மட்டும் இந்த முறை தொடவில்லை. மேல் பின்னுக்கும் கீழ் பின்னுக்கும் நடுவில் அரை மீட்டர்தான் இருக்கும், பக்கெட்டோ ஐந்து மீட்டர் தள்ளி. கீழே 1 மில்லி ஆட்டம் என்றால் பக்கெட்டில் 10 மில்லி. என்னுடையதில் கீழ் புஷ் ஆட ஆரம்பித்திருக்கிறது. காரணமும் தெரியும். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்த பிறகு, வேரோடு சாய்ந்த ரப்பர் மரங்களை ராத்திரி பகலாக இழுத்தோம். அந்த அவசரத்தில் ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. தூரைப் பக்கெட்டால் தோண்டித் தூக்காமல், பூமைப் பக்கவாட்டில் வீசித் தள்ளுவது. வேகமாக வேலை முடியும், எஜமானுக்குச் சந்தோஷம். தோண்டவும் தூக்கவும் செய்த வண்டி அது, துடைப்பம் இல்லை. பக்கவாட்டு அடி முழுக்க அந்த இரண்டு பின்னில்தான் இறங்குகிறது. மறுநடவுக்காக ரப்பர் வெட்டுகிற தோட்டங்களில் இன்றைக்கும் கை தானாக அந்த லீவருக்குப் போகிறது, திரும்ப இழுத்துக்கொள்கிறேன்.

ஆறாம் நாள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னங்குழி வெட்டிப் பார்த்தேன். பக்கெட்டை மடக்கி விரித்தேன், சத்தம் இல்லை. பையன் என்னை இறங்கச் சொல்லி, தானே இன்னொரு முறை மடக்கிப் பார்த்தான். "சத்தம் இல்லாம ஒரு மாதிரி இருக்கு அண்ணே" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஏழாம் நாள் பல் போல்ட்டை மறுபடி இறுக்கி, கழுவி, கிரீஸ் அடித்து, தார்ப்பாய் போட்டோம்.

கிங் போஸ்ட் கீழ் புஷ்ஷுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, அளவு எழுதிய தாளில் இந்த முறை வாய்க்காலும் இருக்கிறது. பூமைத் தாங்கிப் பிடிக்க ஒரு செயின் பிளாக்கும் இன்னும் இரண்டு ஆட்களும் வேண்டும். ஐப்பசி மழையில் வண்டி நிற்கும்போது கழற்றலாம் என்று அண்ணாச்சியிடம் நாள் கேட்டிருக்கிறேன். மச்சானிடம் ஐஸ் பெட்டியும் சொல்லி வைத்திருக்கிறேன்.